இரண்டு கைகளையும் தூக்குவோர் கவனத்திற்கு

நகராட்சி அதிகாரி ஃப்ராவ் கிரீசிங்கர் அம்மாள் கேட்டது ஒரே ஒரு வரிதான். இன்ன காட்டோரத்தில் மஞ்சள் வயிற்றுத் தேரை வாழ்கிறது என்று, முகப்பு அச்சடித்த தாளில், முத்திரையோடு ஒரு வரி. அந்த வரி வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் அவர் மேசைக்கு வந்துவிட்டால் தேரைகள் பிழைக்கும். வராவிட்டால் திங்கட்கிழமை காலை அந்த இடத்தில் மண் கொட்டிச் சமன் செய்து, பார்சல் கிடங்கு ஒன்றின் லாரிகள் நிற்க இடம் பண்ணுவார்கள்.

"அதான் நான் சொல்றேனே மேடம், இருக்குன்னு. பதினோரு வருஷமா எண்ணிட்டு வர்றேன். மொத்தம் அறுபத்து மூணு" என்றார் ஒட்மார் ரூஃப்.

"நீங்க எண்ணினா அது எண்ணிக்கை ஆகாது, ஹெர் ரூஃப். நீங்க காட்டுல டிராக்டர் ஓட்டறவரு. படிச்சவங்க சபை ஏதாவது ஒண்ணு சொல்லணும்."

"நான் சொன்னாலும் அதே அறுபத்து மூணுதானே?"

"அதே அறுபத்து மூணுதான். ஆனா அவங்க சொன்னா நான் ஃபைல்ல வைக்கலாம்" என்றார் அந்த அம்மாள். அவர் கெட்டவர் இல்லை. ஃபைலுக்கு வெளியே இருப்பதைப் பார்க்க அவருக்குச் சம்பளம் கிடையாது, அவ்வளவுதான்.

தேரைகள் இருந்தது ஏரியிலோ குளத்திலோ அல்ல. ஒட்மார் இருபது வருடமாக வெட்டுமரங்களை இழுத்துக்கொண்டு போன வழியில், அவருடைய டிராக்டர் சக்கரங்கள் களிமண்ணில் பதித்த தடங்களில் மழைத்தண்ணீர் தேங்கி நின்றது. அந்தத் தேரைக்கு வேறு எதுவும் பிடிக்காது. நல்ல குளத்தைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வண்டித் தடத்துக் கலங்கல் தண்ணீரைத் தேடிப் போகும். மேலே பார்த்தால் சேற்று உருண்டை. பயந்துவிட்டால் மட்டும் முதுகை வில்லாக வளைத்து, இரண்டு கைகளையும் தூக்கி, வயிற்றின் மஞ்சளைக் காட்டும். ஒவ்வொன்றின் வயிற்றிலும் கறுப்புத் திட்டுகள் ஒவ்வொரு மாதிரி. ஒட்மார் அவற்றைப் படம் பிடித்து, நோட்டில் ஒட்டி, பெயரும் வைத்திருந்தார். பூட்ஸ் போலத் திட்டு உள்ள கிழவிக்கு ரோஸ்விதா என்று பெயர். அது அவரை இரண்டு முறை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திய மதுக்கடைக்காரியின் பெயர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவர் நாள் தவறாமல் பேசியது இந்த அறுபத்து மூன்று பேரிடம்தான். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஊருக்கே தெரியும்.

படித்தவர்கள் சபைக்கும் பஞ்சமில்லை. முந்நாட்டுச் சூழலியல் அறிஞர் பேரவையில் ஒட்மார் ஒன்பது வருடமாகச் சந்தா கட்டும் உறுப்பினர். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூன்றிலும் ஜெர்மன் மொழியில் சூழலியல் வளர்க்கும் பேரவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்களுடைய இதழ் வரும். ஒட்மாருக்கு ஒரு வாக்கியமும் விளங்காது. இவ்வளவு விளங்காமல் எழுதுகிறவர்கள் பெரிய ஆட்களாகத்தான் இருக்கவேண்டும் என்று அடுக்கி வைத்திருந்தார். அந்த வாரமே அவர்களுடைய ஆண்டு மாநாடு, ஒரு மணி நேர ரயில் பயணத்தில். கடவுள் கண் திறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு புதன்கிழமை காலை நோட்டோடு கிளம்பினார்.

மாநாட்டின் தலைப்பு 'மண்ணுக்கு அருகில்.' ஒன்பதாவது மாடியில் நடந்தது.

வாசல் மேசையில் செயலாளர் ஃப்ராவ் டாக்டர் ஸ்பெக்ட் கணினியில் பெயர் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"பட்டம்?"

"இல்லீங்க."

"காலியா விட்டா கணினி ஏத்துக்காது. ஒரு சின்ன பட்டம்கூட இல்லையா?"

"கனரக வாகன உரிமம் இருக்கு."

அவர் சிறிது நேரம் தேடிவிட்டு ஒரு சாம்பல் நிற அட்டையை எடுத்து ஒட்மாரின் கழுத்தில் மாட்டினார். பேராசிரியருக்குத் தங்க நிறம், டாக்டருக்கு வெள்ளி, மாணவருக்குப் பச்சை. சாம்பல் நிறம் 'மற்றவர்' என்பதற்கு. மற்றவர் என்றால் உணவு பரிமாறுபவர், மின்பணியாளர், பேராசிரியரின் மனைவி.

"ஒரே ஒரு வரிதாங்க வேணும். தேரை இருக்குன்னு" என்று ஒட்மார் நோட்டை நீட்டினார்.

"வரியெல்லாம் பிரிவுதான் பரிந்துரை பண்ணணும். பிரிவு பரிந்துரை பண்ணினா பொதுக்குழு. பொதுக்குழு வெள்ளிக்கிழமை காலைல ஒம்போது மணிக்கு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. பொதுக்குழுவில ஒரு கையைத் தூக்கினா பேச்சாளர் பட்டியல்ல பேர் ஏறும். ரெண்டு கையையும் தூக்கினா அது விதிமுறைத் தீர்மானம். எல்லாத்தையும் நிறுத்திட்டு அதைத்தான் முதல்ல எடுப்பாங்க. யாரும் எதிர்க்கலேன்னா ஓட்டே இல்லாம நிறைவேறிடும். அதனால சோம்பல் கீம்பல் முறிச்சுராதீங்க. போன வருஷம் ஒருத்தர் கொட்டாவி விட்டு ரெண்டு கையையும் நீட்டினாரு, தலைவர் தேர்தலே ஒத்திப்போச்சு."

என் தேரைகளும் இதைத்தானே செய்கின்றன என்று ஒட்மார் நினைத்துக்கொண்டார். தன் ஆட்களிடம் வந்து சேர்ந்துவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு.

தேங்கு நீர்ப் பிரிவில் ஒரு தங்க அட்டை அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு. ஆனா இது வண்டிப் பாதையாச்சே. போக்குவரத்து நிலவியல் பிரிவு, நாலாவது அறை."

நாலாவது அறையில் இன்னொரு தங்க அட்டை உதட்டைப் பிதுக்கினார். "இதுல தண்ணி இருக்கே. தேங்கு நீர்ப் பிரிவைப் பாருங்க."

"அங்கேருந்துதான் வர்றேன்."

"சரியான இடத்துலேருந்துதான் வர்றீங்க. அப்படியே திரும்பிப் போங்க. போறப்ப எனக்கு ஒரு காபி, பால் வேணாம்."

ஒட்மார் காபி கொண்டுவந்து கொடுத்தார். மறுத்தால் வரி கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம். இதை நாலு பேர் பார்த்துவிட்டார்கள். மாலைக்குள் அவர் நாற்பது காபி சுமந்திருந்தார், 'பொதுமக்களோடு உரையாடுவது எப்படி' என்ற அமர்வுக்கு மட்டும் பதினாறு. அந்த அமர்வில் பொதுமக்களை எங்கே கண்டுபிடிப்பது என்று இரண்டு மணி நேரம் விவாதித்தார்கள். ஒட்மார் காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

வியாழக்கிழமை ஒருவழியாகத் தெரிந்தது, தடத்துத் தண்ணீரைப் பற்றிப் பேரவை இதுவரை ஒரு வார்த்தையும் சொன்னதில்லை என்பது. சொல்ல முடியாது. பேரவையின் பொதுச் சொற்பட்டியலில் நீர்நிலை வகைகள் இருநூற்றுப் பன்னிரண்டு. மழை பெய்து தரையில் தேங்குகிற தண்ணீர் மட்டும் அதில் கிடையாது. ஜெர்மன்காரர்கள் அதை ஃப்யூட்ஸே என்பார்கள். வியன்னாக்காரர்களுக்கு அது லாக்கெ. சுவிஸ்காரர்களுக்குக் குளுங்கெ. எந்தச் சொல்லை ஏற்றுவது என்று நாற்பது வருடத்துக்கு முன்பு தொடங்கிய பேச்சு முடியவில்லை. பட்டியலில் இல்லாத நீரில் வாழும் எதைப் பற்றியும் பேரவை வாய் திறக்காது. தேரை தண்ணீரில் இருந்தது, தண்ணீர் தரையில் இருந்தது, சொல் மட்டும் இல்லை.

"அப்ப அந்தச் சொல்ல ஏத்திடுங்களேன்" என்று ஒட்மார் கெஞ்சினார்.

ஃப்ராவ் ஸ்பெக்டுக்கு இரக்கம் வந்துவிட்டது. நோட்டின் நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை அலுவல் பட்டியலில் பதினாலாவது உருப்படியாகச் சேர்த்துவிட்டார்: 'சொல்லும் வரியும்.' பத்து நாற்பது ரயிலைப் பிடித்தால் பன்னிரண்டு மணிக்குள் நகராட்சி. அந்த இரவு மலிவு விடுதியில் ஒட்மாரின் தொலைபேசி அடித்தது. பெர்ட்டி. மண் அள்ளும் இயந்திரம் ஓட்டுகிறவன், பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டாளி, திங்கட்கிழமை அந்தத் தடங்களை மூடப்போகிறவனும் அவன்தான்.

"டேய், கிடைச்சுதா இல்லையாடா?"

"நாளைக்குக் கிடைச்சுரும்."

"படிச்ச ஆளுங்கதானே, ஒரு வரி எழுதறதுக்கு மூணு நாளா? நானே எழுதித் தர்றேன் வா. என் எழுத்து நல்லா இருக்கும்னு டீச்சரே சொல்லியிருக்காங்க."

"உனக்கு முத்திரை இல்லையேடா."

"எங்கிட்ட ஏழு டன் இயந்திரம் இருக்கு. அதால முத்திரை குத்த முடியாதா?" என்று சிரித்தான் பெர்ட்டி. பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "திங்கக்கிழம ஏழு மணிக்கு மண்ணு வருதுடா" என்று சொல்லி வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குத் தலைவர் எழுந்தார். ஹெர் புரொபசர் டாக்டர் டாக்டர் லூடோல்ஃப் ஹாகெமான். இரண்டு டாக்டரையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அவருக்குக் காது கேட்காது.

"அன்பர்களே! நாம் இயற்கையைக் காப்பாற்றுகிறோம் என்றொரு பழி நம்மீது அடிக்கடி சுமத்தப்படுகிறது. அதை நான் வன்மையாக மறுக்கிறேன். காப்பாற்றுவது ஆர்வலர்களின் வேலை. நாம் அறிவியலாளர்கள். ஓர் உயிரினம் அழியும்போது நாம் பதறுவதில்லை. பதறினால் கை நடுங்கும், கை நடுங்கினால் அளவு தவறும். கடந்த ஆண்டில் மட்டும் பதினேழு இனங்களின் மறைவை, எந்தக் குறுக்கீடும் செய்யாமல், மூன்று நாடுகளிலும் ஒரே முறையில் பதிவு செய்திருக்கிறோம். எந்த ஆண்டிலும் நாம் இத்தனை எட்டியதில்லை!"

முந்நூறு பேர் விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்கள். அங்கே கைதட்டும் வழக்கமில்லை. ஒட்மார் யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று எழுந்துபோய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

பதிமூன்று உருப்படிகளில் ஒன்பது, முந்தைய ஆண்டின் நடவடிக்கைக் குறிப்பிலிருந்த காற்புள்ளிகளைப் பற்றியவை. பதினாலாவது வந்தபோது மணி பத்து ஐந்து.

"எளிய விஷயம். ஃப்யூட்ஸே என்று ஏற்றிவிட்டு, அந்த ஒரு வரியை அனுப்பிவிடலாம். எதிர்ப்பு உண்டா?" என்றார் தலைவர்.

வியன்னாவிலிருந்து வந்த, ஹோஃப்ராட் என்ற அரசுப் பட்டம் தாங்கிய ஸிம்மெட் ஒரு கையைத் தூக்கிக்கொண்டே எழுந்துவிட்டார்.

"லாக்கென்னு எழுதாத தாள்ல வியன்னா கையெழுத்து போடாது. எங்க பாட்டன் காலத்துலேருந்து நாங்க லாக்கெயிலதான் காலை வச்சு நனைச்சிருக்கோம். ஃப்யூட்ஸேல இல்ல!"

"அப்ப நாங்க எதுல நனைச்சோம்?" சூரிச்சிலிருந்து வந்த ரெட்டோ காஃப்லிஷ் நிதானமாகக் கேட்டார். சுவிஸ்காரர்களுக்குக் கோபம் வந்தாலும் அவசரம் வராது. "குளுங்கெ. அதுல ஒரு சத்தம் இருக்கு பாருங்க, கால் வைக்கறப்ப வர்ற சத்தம். உங்க லாக்கெயில என்ன இருக்கு? மரத்துக்கு அடிக்கிற லாக்கு வார்னிஷ் மாதிரி இருக்கு."

"வார்னிஷா! ஹெர் தலைவர், இதைக் குறிப்புல ஏத்துங்க!"

"ஏத்துங்க. குளுங்கென்னும் சேத்து ஏத்துங்க."

மணி பத்து பதினைந்து. போக்குவரத்து நிலவியல் பிரிவுக்காரர் ஒரு சமரசம் சொன்னார்: 'மழைக்குப் பிந்தைய தற்காலிக நீர்த்தேக்க நுண்வடிவம்'. எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். பிறகு ஒருவர், தற்காலிகம் என்றால் எத்தனை நாள் என்று கேட்டார். பதினொரு பேர் கையைத் தூக்கினார்கள். பேச்சாளர் பட்டியல் இருபத்தாறு பேருக்கு நீண்டது. ஒட்மார் ஒரு கையைத் தூக்கினார். இருபத்தேழாவதாக அவர் பெயர் ஏறியது.

பத்து இருபது. ஹோஃப்ராட் சட்டைப்பையிலிருந்து தன் பாட்டனின் கடிதத்தை எடுத்து வாசித்தார். அதில் லாக்கெ என்ற சொல் மூன்று இடத்தில் வந்தது. காஃப்லிஷ் நாற்காலியை நகர்த்திவிட்டு, ஷூவால் தரையில் மிதித்துச் சத்தத்தைச் செய்து காட்டினார். நடுவில் ஒருவர் ஒட்மாரின் தோளைத் தொட்டு, பக்கத்து மேசையில் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்றார்.

பத்து இருபத்தைந்து. ரயில் நிலையத்துக்கு ஓடினால் பத்து நிமிடம். நோட்டு மடியில் திறந்திருந்தது, ரோஸ்விதாவின் பக்கம். மஞ்சள் வயிற்றில் கறுப்பு பூட்ஸ். அறுபத்து மூன்று உயிர், ஒரே ஒரு வரி, இவர்கள் தண்ணீருக்குப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் எழுந்துவிட்டார். தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டார்.

"ஐயோ, போதும்யா! இந்தப் பேச்சையே விடுங்க!"

மண்டபம் சட்டென்று அடங்கியது. இரண்டு கை. முந்நூறு பேரின் முகத்தில் மரியாதை வந்தது.

"விதிமுறைத் தீர்மானம்" என்றார் தலைவர். குரலே மாறிவிட்டது. "பதினாலாவது உருப்படியைப் பற்றிய பேச்சை விட்டுவிட வேண்டும் என்று ஹெர் ரூஃப் முன்மொழிகிறார். எதிர்ப்பு உண்டா?"

ஹோஃப்ராட் காஃப்லிஷைப் பார்த்தார். காஃப்லிஷ் ஹோஃப்ராடைப் பார்த்தார். நாற்பது வருடத்தில் முதல்முறையாக இருவருக்கும் ஒரே கருத்து.

"எதிர்ப்பு இல்லை. நிறைவேறியது. உருப்படி நீக்கப்பட்டது."

"இல்லீங்க, நான் அதைச் சொல்லல! அந்த வரி... அந்த வரிய மட்டும் எழுதிக் குடுங்க!"

"ஹெர் ரூஃப்," தலைவர் கனிவோடு சொன்னார், "தீர்மானம் உங்களுடையது. அதுவும் ஒருமனதாக நிறைவேறியிருக்கிறது. எனக்கே அப்படி ஒன்று வாய்த்ததில்லை. அடுத்த ஆண்டு மறுபடி எடுக்கலாம்."

முந்நூறு பேரும் அவருக்காக மேசையைத் தட்டினார்கள். அந்தச் சத்தம் படிக்கட்டு வரை அவரைத் துரத்திக்கொண்டு வந்தது.

பதினொன்று ஐம்பதுக்கு ஃப்ராவ் கிரீசிங்கரின் மேசையில் மூச்சிரைக்க நோட்டை வைத்தார். வேறு எதுவும் அவரிடம் இல்லை. அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து பார்க்க ஆரம்பித்தார். ஒவ்வொரு வயிறாகப் பார்த்தார்.

"இதுக்கு ஏன் ரோஸ்விதான்னு பேரு?"

ஒட்மார் சொன்னார். அந்த அம்மாள் சிரித்துவிட்டார். பிறகு சுவரில் மணியைப் பார்த்தார். பன்னிரண்டு. நோட்டை மூடி, இரண்டு கையாலும் எடுத்து, அவரிடமே கொடுத்தார்.

"பதினோரு வருஷமா?" என்று மட்டும் கேட்டார்.

ஒட்மார் தலையாட்டிவிட்டு வெளியே வந்து நகராட்சிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதார். ஐம்பத்தெட்டு வயது ஆள், சாம்பல் நிற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு மண் வந்தது. பெர்ட்டி இயந்திரத்தை எடுக்கவில்லை. பிளாஸ்க்கிலிருந்து காபி குடித்தான். மறுபடி குடித்தான். எண்ணெய் பார்த்தான். டயரை உதைத்தான்.

"வாளியில அள்ளிட்டுப் போயிருடா" என்றான் ஒட்மாரிடம். "நான் அந்தப் பக்கம் திரும்பி ஒண்ணுக்கு இருக்கப் போறேன். ரொம்ப நேரம் இருப்பேன்."

ஒட்மார் சேற்றில் முழங்கால் போட்டு அள்ளினார். பத்தொன்பது கிடைத்தன. அப்போதுதான் மேற்பார்வையாளர் வந்து வாளியை எட்டிப் பார்த்தார்.

"என்ன ஹெர் ரூஃப் இது? பாதுகாக்கப்பட்ட உயிரினமாச்சே. அனுமதியில்லாம பிடிக்கறது குற்றம்."

"அப்ப மண்ணு கொட்டறது?"

"எங்கிட்ட இருக்கற காகிதத்துல இங்க தேரையே கிடையாது. தரையில இருக்கற வரைக்கும் அது இல்ல. வாளிக்குள்ள வந்தாதான் இருக்கு. எடுத்த இடத்துலயே விட்டுருங்க, நான் பாக்காத மாதிரி இருந்துக்கறேன்." அவர் உபகாரம் செய்கிற முகத்தோடுதான் சொன்னார்.

"அனுமதிக்கு என்ன பண்ணணும்?"

"அறிஞர் பேரவை ஏதாவது ஒண்ணுலேருந்து ஒரு வரி வாங்கிட்டு வந்தாப் போதும்."

ஒட்மார் பத்தொன்பதையும் ஒவ்வொன்றாகத் திரும்ப விட்டார். அவர் கையாலேயே விட்டார். பயந்துபோய் ஒவ்வொன்றும் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டியது. பெர்ட்டி இயந்திரத்தை ரோட்டுப் பக்கமிருந்து ஆரம்பித்தான், காட்டுப் பக்கம் ஓடுகிறது ஓடட்டும் என்று, நத்தை வேகத்தில். அன்றைக்கு அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். வியர்வை என்றான்.

பேரவை மறக்கவில்லை. அடுத்த வசந்தத்தில் இதழ் வந்தது: 'ஒரு தொகையின் மறைவு: பதினோராண்டுத் தரவு'. ஃப்ராவ் ஸ்பெக்டுக்கு அவர் கொடுத்துவைத்த நகலிலிருந்து எடுத்திருந்தார்கள். அடிக்குறிப்பில் நன்றி சொல்லியிருந்தார்கள்: 'ஒ. ரூஃப் (காபி)'. ஜூனில் ஆண்டுச் சுற்றுலாவுக்கு அந்த இடத்தையே தேர்ந்தெடுத்தார்கள், பேரவையின் புதிய 'மறைவுகள் பிரிவு' சார்பில். உள்ளூர் வழிகாட்டியாக ஒட்மார் வரவேண்டும் என்று அழைப்பும் வந்தது. போகக்கூடாது என்றுதான் இருந்தார். பெர்ட்டிதான் விடவில்லை.

"போடா. கிழக்கு ஓரத்துல கொஞ்சம் கவனிச்சுக்க. நான் போன மாசம் அங்க வண்டியத் திருப்பினேன். தெரியாமத்தான். ஒரு ஏழெட்டு தடவ தெரியாம திருப்பிட்டேன்."

இரண்டு பேருந்துகள் லாரி நிறுத்துமிடத்தில் வந்து நின்றன. தேரைகள் இருந்த இடத்தின் மேலேயே நின்றுகொண்டு தலைவர் இழப்பைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். கண்ணைக்கூட ஒற்றிக்கொண்டார். ஒட்மார் கேட்கவில்லை. மெல்ல நழுவி, தார் முடிந்து களிமண் தொடங்கும் கிழக்கு ஓரத்துக்குப் போனார். புதுச் சக்கரத் தடம் இரண்டு, முழங்கால் ஆழம். முந்தின நாள் மழை பெய்திருந்தது.

கலங்கலில் ஒரு சேற்று உருண்டை மிதந்தது. ஒட்மார் மெல்லக் குனிந்தார். அவர் நிழல் விழுந்ததும் அது முதுகை வளைத்தது. மஞ்சளில் கறுப்பு பூட்ஸ்.

"அங்கே என்ன இருக்கிறது, ஹெர் ரூஃப்?"

தலைவர் வந்துகொண்டிருந்தார். பின்னால் ஹோஃப்ராடும் காஃப்லிஷும் எட்டிப் பார்த்தபடி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் எண்பது பேர், குறிப்பேடுகளோடு, அளவுநாடாக்களோடு. ஹோஃப்ராடின் கண் பளிச்சிட்டது.

"ஹெர் தலைவர், அது ஒரு லா..."

"குளு..." என்றார் காஃப்லிஷ்.

ஒட்மார் எழுந்து நின்று, கால்களை அகட்டி, தடத்தை மறைத்துக்கொண்டார். அட்டை தொங்காத கழுத்தோடு அந்த மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல" என்றார். "வெறும் தண்ணி."

மூன்று நாட்டுக்காரர்களும் யோசித்தார்கள். அவருக்குப் பின்னால், தண்ணீருக்குள், ரோஸ்விதா இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டிருந்தாள்.

எதிர்ப்பு யாரும் தெரிவிக்கவில்லை.